உயர்தரத் தமிழ்: குறிப்பை மூடிவைத்து மூலத்தைத் திறவுங்கள்

"தமிழ் நம் மொழிதானே, அதற்கு என்ன பெரிய படிப்பு?" என்ற எண்ணத்தோடுதான் கலைப்பிரிவுக்கு வருகிற பிள்ளைகளில் பலர் இலங்கையின் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதர) உயர்தரத்தில் தமிழை எடுக்கிறார்கள். 12ஆம் தரம் அந்த எண்ணத்திலேயே கழிந்துவிடுகிறது. 13ஆம் தரத்தின் நடுவில் பயம் பிடிக்கிறது. உடனே யாரோ ஓர் அக்காவின் குறிப்புக் கொப்பி நிழற்பிரதியாகிக் கைக்கு வருகிறது. அதை வரிக்கு வரி மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். திருகோணமலையில் பல வருடங்களாக உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறவள் நான். நான் அடித்துச் சொல்வது இதுதான்: குறிப்பை ஒப்புவித்துச் சித்தியடையலாம், சிறந்த புள்ளி எடுக்க முடியாது. வினா செய்யுளைப் பற்றிக் கேட்கிறது. விடையும் செய்யுளிலிருந்தே வர வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி பார்க்கப்படுகிறது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளி, அந்த ஆண்டு அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை வைத்தே அது கணிக்கப்படுகிறது. எல்லோரும் ஒரே குறிப்பை ஒரே சொற்களில் எழுதினால் எல்லோரும் சராசரியிலேயே நிற்பார்கள். "இலேசான பாடம்" என்று தமிழை எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு பெறுபேறு வந்த பிறகுதான் புரிகிறது.

முதலில் சேர்க்க வேண்டியவை

உங்கள் ஆண்டுக்குரிய பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாடத்திட்டம் மாறும்போது விதந்துரைக்கப்பட்ட செய்யுள்களும் சிறுகதைகளும் மாறுகின்றன. அக்காவின் கொப்பியில் உள்ள பகுதி உங்கள் பரீட்சையில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு மாதம் அதில் கிடந்துவிடாதீர்கள்.

அடுத்தது கடந்தகால வினாத்தாள்கள். பரீட்சைத் திணைக்களம் வினாத்தாள்களோடு மதிப்பீட்டு அறிக்கைகளையும் வெளியிடுகிறது. எந்த வினாவுக்குப் பரீட்சார்த்திகள் நன்றாக எழுதினார்கள், எங்கே தவறினார்கள், புள்ளி எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதை அவை சொல்கின்றன. ஒரு தனியார் வகுப்புக்கு மாதக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஓர் அறிக்கையை முழுமையாகப் படியுங்கள். நிழற்பிரதிக் காசு மட்டும்தான் செலவு. அந்தக் கட்டணத்துக்கு அப்பாவும் அம்மாவும் என்ன பாடுபடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை வற்புறுத்துகிறேன்.

நன்னூலுக்கு ஓர் உரைப் பதிப்பும் ஒரு நல்ல தமிழ் அகராதியும் வேண்டும். இரண்டும் பொது நூலகத்தில் இருக்கும். வேறு ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

ஒரு செய்யுளை எப்படிப் படிப்பது

முறையைக் காட்ட நம் ஊர்ப் பாட்டு ஒன்றையே எடுக்கிறேன். திருஞானசம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகம், மூன்றாம் திருமுறை, முதற்பாட்டு. இது உங்கள் பாடத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறை ஒன்றுதான்.

நிரைகழ லரவஞ் சிலம்பொலி யலம்பும் நிமலர்நீ றணிதிரு மேனி
வரைகெழு மகளோர் பாகமாப் புணர்ந்த வடிவினர் கொடியணி விடையர்
கரைகெழு சந்துங் காரகிற் பிளவும் அளப்பருங் கனமணி வரன்றிக்
குரைகட லோத நித்திலங் கொழிக்குங் கோணமா மலையமர்ந் தாரே

முதல் வேலை, வாய்விட்டுப் படிப்பது. பொருள் தேடாதீர்கள். மூன்று நான்கு தடவை உரக்கப் படியுங்கள். நிரை, வரை, கரை, குரை என்று ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது காதில் விழும். அடியெதுகையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நான்காம் அடியில் குரை, கொழிக்கும், கோணமாமலை என்று மோனை ஓடுவதையும் காதே சொல்லிவிடும். கண்ணால் மட்டும் படிக்கிற பிள்ளை இவற்றைக் குறிப்பிலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. அடுத்த பாட்டுக்கு மறுபடியும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

இரண்டாவது, சொற்களைப் பிரித்து எழுதுவது. கழல் அரவம், சிலம்பு ஒலி, நீறு அணி திருமேனி, கார் அகில் பிளவு, அளப்பு அரும் கனமணி, கடல் ஓதம். கொப்பியில் ஒரு பக்கத்தில் பாட்டு உள்ளபடியே இருக்கட்டும். எதிர்ப்பக்கத்தில் பிரித்த வடிவம். பாட்டில் பாதி விளங்காமல் இருப்பதற்குக் காரணம் சொல் கடினம் என்பதல்ல, சொற்கள் ஒட்டிக்கிடப்பதுதான். பிரித்தபின் அகராதி பார்க்க வேண்டிய சொற்கள் நாலைந்துதான் மிஞ்சும்: சந்து என்பது சந்தனம், வரன்றி என்பது வாரி, ஓதம் என்பது அலை, நித்திலம் என்பது முத்து.

மூன்றாவது, உங்கள் சொந்த வசனத்தில் பொருள் எழுதுவது. கழலின் ஒலியும் சிலம்பின் ஒலியும் எழுகின்ற தூயவர்; நீறணிந்த மேனியில் மலைமகளை ஒரு பாகமாகக் கொண்டவர்; விடைக்கொடி உடையவர்; சந்தனத்தையும் கரிய அகிற்கட்டைகளையும் அளவிட முடியாத மணிகளையும் வாரிக்கொண்டு, ஒலிக்கின்ற கடலின் அலை முத்துகளைக் கொழிக்கும் கோணமாமலையில் அமர்ந்தவர். இவ்வளவும் விளங்கினால் நான்கு அடிக்கும் உரை எழுதியாகிவிட்டது.

இனித்தான் குறிப்புக் கொப்பி தராத வேலை. பாட்டிடம் கேள்வி கேளுங்கள். முதலடியில் ஏன் இரண்டு அணிகளின் ஒலி? கழல் ஆண்மகன் அணிவது; சிலம்பு பெண் அணிவது. ஒருவரே நடக்கிறார், இரண்டு ஒலி கேட்கிறது. காரணம் இரண்டாம் அடியில் இருக்கிறது: ஒரு பாகம் உமை. கண்ணுக்கு உருவத்தைக் காட்டுவதற்கு முன்னரே காதுக்கு அதை உணர்த்திவிடுகிறார் சம்பந்தர். இன்னொரு கேள்வி: அரவம், ஒலி, அலம்பும் என்று ஓசையில் தொடங்கிய பாட்டு எங்கே போய் முடிகிறது? குரைகடலில். இறைவனின் காலடி ஓசை கடலோசையோடு போய்ச் சேர்கிறது. பிரெட்ரிக் கோட்டை வழியாகச் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலை உச்சிக்கு ஏறிக் கீழே பாறையில் கடல் மோதுவதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. "இப்பாடலின் இலக்கிய நயத்தை விளக்குக" என்று வினா வந்தால் இந்த இரண்டு அவதானிப்புகளையும் அடிகளை மேற்கோள் காட்டி எழுதுங்கள். "சொல்லழகும் பொருளழகும் நிறைந்து காணப்படுகின்றன" என்ற பொதுவசனம் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும். ஆகவே எந்தப் பாட்டுக்கும் புள்ளி தராது.

இலக்கணத்தையும் அதே பாட்டில் படியுங்கள்

இலக்கணத்தைத் தனிப் பாடமாக, பட்டியலாகப் படிக்கிற பிள்ளைகள் அதை வெறுத்துவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமான விடயம், ஏனென்றால் புள்ளி உறுதியாகக் கிடைக்கும் இடம் இலக்கணம். பதில் சரி, அல்லது பிழை. இடையில் ஒன்றும் இல்லை.

மேலே உள்ள பாட்டையே பாருங்கள். காரகில்: கருமை என்ற பண்பு உணர்த்துவதால் பண்புத்தொகை. அகில் + பிளவு, அகிற்பிளவு ஆனது எப்படி? வேற்றுமைப் புணர்ச்சியில் நிலைமொழி ஈற்று லகரம் வல்லினத்தின் முன் றகரமாகத் திரியும். குரைகடல்: குரைத்த, குரைக்கின்ற, குரைக்கும் என மூன்று காலத்துக்கும் விரிவதால் வினைத்தொகை. அளப்பு + அரும்: வன்றொடர்க் குற்றியலுகரம் உயிர் வரக் கெட்டது. அளப்பரும் + கனமணி என்பதில் மகரம் ககரத்துக்கு இனமான ஙகரமாகத் திரிந்தது. அமர்ந்தார்: அமர் பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், த் இறந்தகால இடைநிலை, ஆர் பலர்பால் விகுதி, இங்கே வினையாலணையும் பெயர். கடைசி ஏகாரம் ஈற்றசை.

நான்கு அடிக்குள் தொகை, புணர்ச்சி, பகுபத உறுப்பு, இடைச்சொல் எல்லாம் வந்துவிட்டன. உங்கள் பாடத்திலுள்ள ஒவ்வொரு செய்யுளிலிருந்தும் இப்படிப் பத்துச் சொற்களை எடுத்துப் பயிற்சி செய்யுங்கள். இலக்கணமும் வளரும், செய்யுளும் மனத்தில் பதியும். நன்னூல் நூற்பாவை முன்னால் மனப்பாடம் செய்யாதீர்கள். சொல்லைப் பிரித்து, மாற்றத்தைக் கண்டு, அதற்குரிய நூற்பாவைத் தேடிப் போங்கள். அப்படித் தேடிப் பிடித்த நூற்பா மறக்காது.

யாப்புக்குத் திருக்குறள் போதும். "கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக" என்பதை அலகிடுங்கள்: தேமா, கருவிளம், கூவிளம், கூவிளம், தேமா, புளிமா, கடைசியில் மலர். மா முன் நிரையும் விளம் முன் நேரும் வந்து இயற்சீர் வெண்டளை தவறாமல் ஓடுகிறது. நாளுக்கு ஒரு குறள் அலகிட்டால் ஒரு தவணைக்குள் கை தானாக எழுதும்.

இலக்கிய வரலாறு

சங்ககாலம், சங்கமருவிய காலம், பல்லவர் காலம், சோழர் காலம், நாயக்கர் காலம், ஐரோப்பியர் காலம், இருபதாம் நூற்றாண்டு என்ற வரிசை எல்லோருக்கும் தெரியும். நூற்பெயர்களும் தெரியும். வினா கேட்பது பெரும்பாலும் "ஏன்", "எவ்வாறு" என்று. பல்லவர் காலத்தில் பத்திப் பாடல் ஏன் பெருகியது? சமண பௌத்தச் செல்வாக்குக்கு எதிரான எழுச்சி, ஊர் ஊராகச் சென்று பாடிய அடியார்கள், பத்துப் பாட்டுக்கொண்ட பதிகம் என்ற எளிய வடிவம், இசையோடு பாடக்கூடிய பண், ஒவ்வொரு தலத்தின் இயற்கையையும் பாட்டுக்குள் கொண்டுவந்தமை என்று காரணங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடியைச் சான்றாகத் தாருங்கள். மேலே நாம் படித்த கடலும் முத்தும் கடைசிக் காரணத்துக்குச் சான்று. பாட்டைப் படித்தவர்களுக்கு வரலாறு தனியாகப் படிக்க வேண்டிய பாரமாக இருக்காது.

ஈழத்து இலக்கியத்தில் நம்மவர்கள் ஏனோ கூச்சப்படுகிறார்கள். அதை மிகுந்த அக்கறையோடு படியுங்கள். சங்கத் தொகைகளில் ஈழத்துப் பூதந்தேவனார் பெயரில் அகநானூற்றில் மூன்று, குறுந்தொகையில் மூன்று, நற்றிணையில் ஒன்று என ஏழு பாடல்கள் இருக்கின்றன. ஆறுமுக நாவலர் (1822–1879) உரைநடைக்குச் செய்ததையும், சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) ஏட்டில் கிடந்த நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்ததையும் ஆண்டுகளோடு எழுதத் தெரிய வேண்டும். தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பு 1887இல் வந்தது. நாவல் பகுதிக்கு வந்தால், தமிழின் முதல் நாவல் என்று கொள்ளப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879. ஈழத்தில் சித்திலெவ்வையின் அசன்பேயுடைய கதை 1885. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பேசப்படும் மோகனாங்கி 1895. மோகனாங்கியை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். இந்த ஊரில் உயர்தரத் தமிழ் படிக்கிற பிள்ளை ஒன்றுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை. யாழ் நூலைத் தந்த சுவாமி விபுலாநந்தரும் (1892–1947) நம் ஊர்க் கல்வியோடு நெருங்கிய தொடர்பு கொண்டவர். திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்று நடத்தியவர்.

சேர்ந்து படிப்பது

நம் மாவட்டத்துக்கு ஒரு வாய்ப்பு உண்டு. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிற முஸ்லிம் பிள்ளைகளும், உவர்மலை, ஆலங்கேணி, சம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே தனியார் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். தேவாரம் வந்தால் ஒரு பக்கம் தயங்குகிறது; சீறாப்புராணம் வந்தால் மறுபக்கம் தயங்குகிறது. பரீட்சையில் இரண்டும் இலக்கியம். நம்பிக்கையைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. சீறாப்புராணத்தில் வருகிற அரபுச் சொற்களையும் நபிகள் வரலாற்று நிகழ்ச்சிகளையும் கிண்ணியாத் தோழியிடம் கேளுங்கள்; புராணக் கதைக் குறிப்புகளை அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுங்கள். உமறுப்புலவர் அரபுநாட்டைப் பாடும்போது தமிழ்க் காப்பிய மரபுப்படி ஆறும் வயலும் கொண்ட நாட்டுவளத்தைப் பாடுவதை இரண்டு பேரும் சேர்ந்து படித்தால், அதைப் பற்றி நல்லதொரு விடை உருவாகும். என் வகுப்பில் இப்படிச் சோடி சேர்ந்து படித்த பிள்ளைகளின் விடைகளில் தெளிவு கூடுதலாக இருப்பதைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

எழுத்துப் பிழை

இது சுருக்கமாக. நம் பக்கத்தில் அதிகம் வருவது ரகர றகரக் குழப்பமும் ஒற்றுப் பிழையும். 'முயற்ச்சி', 'பயிற்ச்சி' என்று எழுதுகிறவர்கள் ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: ஒரு சொல்லுக்குள் இரண்டு புள்ளியெழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது ய், ர், ழ் ஆகியவற்றில் ஒன்றாகவே இருக்கும். மகிழ்ச்சி, வளர்ச்சி சரி. ற், ட் ஆகியவற்றின் பின் இன்னொரு புள்ளியெழுத்து நிற்காது. ஆகவே முயற்சி, பயிற்சி, காட்சி. திருத்திக் கொடுத்த கொப்பியில் சிவப்பு மை விழுந்த சொற்களை ஒரு தாளில் தொகுத்து எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டிவையுங்கள். வேறொருவரின் பிழைப்பட்டியல் உங்களுக்கு உதவாது.

கடைசி மூன்று மாதங்கள்

இந்தக் காலத்தில் புதிதாகப் படிப்பதைக் குறைத்து எழுதுவதைக் கூட்டுங்கள். வாரத்துக்கு ஒரு முழு வினாத்தாள், மணிக்கூட்டை வைத்து, ஒரே இருப்பில். கைபேசி அடுத்த அறையில். மூன்று மணித்தியாலம் தொடர்ந்து எழுதக் கைக்குப் பழக்கம் வேண்டும்; மாணவர்களில் பலர் கடைசி வினாவைப் பாதியில் விடுவது தெரியாததால் அல்ல, விரல் வலிப்பதால். ஒரு வினாவுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தால், இரண்டு வரி இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். நன்றாகத் தெரிந்த வினாவுக்கு நாலு பக்கம் எழுதி, தெரிந்த இன்னொன்றைத் தொடாமல் வருவதுதான் நான் காணும் பெரிய இழப்பு.

எழுதிய தாளை ஆசிரியரிடம் கொடுப்பதற்கு முன், மூலத்தை விரித்துவைத்து நீங்களே ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு பந்தியிலும் செய்யுளிலிருந்து ஒரு தொடராவது இருக்கிறதா? இல்லாத பந்தியைக் கோடிட்டுவிட்டு மீண்டும் எழுதுங்கள். இடஞ்சுட்டி விளக்கும் வினாவில் நூல், ஆசிரியர், கூற்று யாருடையது, எந்தச் சந்தர்ப்பம் என்பன முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும்.

பரீட்சை நாட்கள்

அண்மை ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சை நவம்பர், டிசம்பரில் நடக்கிறது. நமக்கு அது வடகீழ்ப் பருவமழைக் காலம். 2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தால் நடந்துகொண்டிருந்த பரீட்சையே சில நாட்கள் ஒத்திவைக்கப்பட்டது. அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் உறைக்குள் வையுங்கள். மூதூர், வெருகல், குச்சவெளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மழை கடுமையாக இருந்தால் முதல்நாளே பரீட்சை நிலையத்துக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது. ஒத்திவைப்புச் செய்தியைக் கைபேசியில் சுற்றும் வதந்தியில் பார்க்காமல் வானொலியிலோ பாடசாலையிலோ உறுதிசெய்யுங்கள்.

மண்டபத்தில் மேலதிக வாசிப்பு நேரமாக 10 நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்தில் எழுத முயலாதீர்கள். எந்த வினாக்கள் கட்டாயம், எவற்றில் தெரிவு உண்டு என்று பார்த்து, எழுதப்போகிறவற்றை மனத்தில் வரிசைப்படுத்துங்கள். முதலில் நன்றாகத் தெரிந்தது. புதிய வினாவைப் புதிய பக்கத்தில் தொடங்கி, வினா இலக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தை விடைத்தாளைப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள்: சுட்டெண் (உங்கள் பரீட்சை இலக்கம்) ஒவ்வொரு தாளிலும் இருக்கிறதா, வினா இலக்கங்கள் சரியா, தாள்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நூலால் இறுகக் கட்டி நோக்குநரிடம் கொடுங்கள்.